தாம்பரத்தில் 49 செ.மீ., நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ... மேகத்தின் போக்கை முடிவு செய்வது வானமா, தரையா? பள்ளிக்கரணையில் இருந்து வடதுருவம் வரை ஒரு தேடல்

2024 அக்டோபர் நடுவில் வேளச்சேரி மேம்பாலத்தில் போனவர்களுக்கு ஒரு நிமிஷம் குழப்பமாகத்தான் இருந்திருக்கும். பாலத்தின் ஓரம் முழுக்க வரிசையாக கார்கள். பள்ளிக்கரணை மேம்பாலத்திலும் அதே காட்சி. சென்னைக்கும் சுற்றியுள்ள மாவட்டங்களுக்கும் அக்டோபர் 16-ஆம் தேதி ரெட் அலர்ட் கொடுத்திருந்தார்கள். முந்தைய வெள்ளங்களில் காரை தண்ணீரில் விட்டு, மெக்கானிக்கிடம் பல ஆயிரம் கொடுத்தவர்கள் இந்த முறை முந்திக்கொண்டார்கள்.

ஆனால் எதிர்பார்த்தது ஒண்ணு, நடந்தது ஒண்ணு. 15-ஆம் தேதி நல்ல மழை. ரெட் அலர்ட் நாளான 16-ஆம் தேதியோ, பயந்த அளவுக்கு மழையே இல்லை. காற்றழுத்த தாழ்வு மண்டலம் சென்னைக்கு வடக்கே நகர்ந்து, 17-ஆம் தேதி அதிகாலை கரையைக் கடந்துவிட்டது. மீம்ஸ் பறந்தன. கார்கள் மெதுவாக பாலத்தை விட்டு இறங்கின.

இதற்கு நேர் எதிரான நாள் 2015 டிசம்பர் 1. மறுநாள் காலை 8.30 மணி வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை. செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. வடகிழக்குப் பருவமழையின் மூன்று மாதத்துக்கும் சேர்த்து தமிழ்நாட்டின் சராசரியே சுமார் 44 செ.மீ.தான். அதைவிட அதிகமான தண்ணீர் தாம்பரத்தில் ஒரே நாளில் இறங்கியது. அதே நேரத்தில் மீனம்பாக்கத்தில் 35 செ.மீ., நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ. தாம்பரத்துக்கும் நுங்கம்பாக்கத்துக்கும் நேர்கோட்டில் சுமார் 20 கி.மீ. தூரம், மழையில் வித்தியாசம் 20 செ.மீ. கிட்டத்தட்ட கிலோமீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர்!

ஒரே வங்கக்கடல், ஒரே பருவம். அப்புறம் ஏன் இப்படி? 'சிஸ்டம் நகர்ந்துடுச்சு' என்பதுதான் வழக்கமான பதில். அது சரியான பதில்தான், ஆனால் பாதி பதில். மேகத்துக்கு மேலே என்ன நடக்கிறது என்பதைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். மேகத்துக்குக் கீழே இருக்கும் பரப்பு, அதாவது கடலா, நிலமா, பனியா, அது சூடா, குளிர்ச்சியா என்பதைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. மீதிப் பாதி பதில் அங்கேதான் இருக்கிறது.

இதில் ஒரு சுவாரஸ்யம். இந்தக் கேள்விக்கு உலகிலேயே மிகத் தெளிவாக விடை தெரியும் இடம் துருவப் பகுதி. அங்கே போய் கடலை அளக்கும் இந்தியக் கருவியை உருவாக்கியவர்களில், கார்கள் நின்ற அந்த மேம்பாலங்களுக்கு அருகிலேயே, வேளச்சேரி - தாம்பரம் மெயின் ரோட்டில் இருக்கும் ஒரு நிறுவனமும் உண்டு.

பள்ளிக்கரணைக்கும் ஆர்க்டிக்குக்கும் என்ன சம்பந்தம்?

பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தை, அதாவது என்.ஐ.ஓ.டி.யை, தினமும் பஸ்ஸில் கடந்து போகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால் பலருக்கும் தெரியாது. வங்கக்கடலிலும் அரபிக்கடலிலும் மிதக்கும் வானிலை மிதவைகளைப் பராமரிப்பது இவர்கள் வேலைகளில் ஒன்று. புயல் நேரத்தில் கடலின் நடுவே காற்று எவ்வளவு, அலை எவ்வளவு, தண்ணீரின் வெப்பம் எவ்வளவு என்ற தகவல் வருவது அந்த மிதவைகளில் இருந்துதான்.

அதே அனுபவத்தை வைத்து, கோவாவில் உள்ள துருவ ஆய்வு மையத்துடன் சேர்ந்து உருவாக்கிய கருவித் தொகுப்புதான் 'இண்ட்ஆர்க்'. 2014 ஜூலை 23-ஆம் தேதி நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில், கோங்ஸ்ஃபியோர்டன் என்ற கடல் இடுக்கில் இது இறக்கப்பட்டது. ஆழம் சுமார் 192 மீட்டர். வடதுருவத்தில் இருந்து சுமார் 1,100 கி.மீ. தூரம். ஆர்க்டிக்கில் இந்தியா நிறுவிய முதல் நீரடி கண்காணிப்பு நிலையம் இது. அதே கடல் இடுக்கின் கரையில், நை-ஒலசுண்ட் என்ற குட்டி ஊரில் இந்தியாவின் 'ஹிமாத்ரி' ஆய்வு நிலையம் 2008 முதல் இயங்குகிறது. ஒரு காலத்தில் நிலக்கரி தோண்டிய ஊர். இன்று பல நாட்டு விஞ்ஞானிகள் தங்கும் ஊர்.

கடலுக்கு அடியில் தண்ணீரின் வெப்பத்தையும் உப்பையும் அளந்தால் மேகத்தைப் பற்றி என்ன தெரியும்? நிறைய தெரியும்.

மேகத்துக்கு வேண்டிய மூன்றும் கீழே இருந்துதான் வருது

மேகம் உருவாக மூன்று விஷயம் வேண்டும். ஒன்று, ஈரப்பதம். இரண்டு, அந்த ஈரக் காற்றை மேலே தூக்கும் ஒரு உந்துதல். மூன்றாவது பலருக்கும் தெரியாதது: தூசி. காற்றில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத துகள் ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் நீராவி துளியாக மாறும். சுத்தமான வெறும் காற்றில் மேகத்துளி பிறப்பது ரொம்பக் கஷ்டம்.

ஈரம் கடலில் இருந்து ஆவியாகி வருகிறது. உந்துதல் சூடான பரப்பில் இருந்து வருகிறது. துகள் கடல் உப்பில் இருந்தும், மண்ணில் இருந்தும், புகையில் இருந்தும் வருகிறது. மூன்றுக்கும் முகவரி தரைமட்டம்தான்.

சென்னையில் இதையெல்லாம் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். லாரிப் புகை, கட்டடத் தூசி, கடல் உப்பு, குப்பைமேட்டுப் புகை என எல்லாம் கலந்து கிடக்கும். துருவத்தில் காற்று சுத்தம். பரப்பும் இரண்டே நிறம்: வெள்ளைப் பனி, கறுப்புக் கடல். எது மாறினால் மேகம் எப்படி மாறுகிறது என்பதைப் பார்க்க அதைவிட நல்ல பரிசோதனைக்கூடம் கிடைக்காது.

பனி மூடி போல... திறந்தால் ஆவி!

பனி படர்ந்த கடல், மூடி போட்ட பாத்திரம் மாதிரி. கடல் நீர் சுமார் மைனஸ் 1.8 டிகிரி செல்சியஸில்தான் உறையும். அதாவது பனிக்கு அடியில் இருக்கும் தண்ணீர் எப்போதும் அதற்கு மேலான வெப்பத்தில்தான் இருக்கும். குளிர்காலத்தில் மேலே காற்று மைனஸ் 30. நடுவில் பனி மூடி இருக்கும்வரை இரண்டும் நேரடியாகச் சந்திப்பதில்லை. பனியில் ஒரு விரிசல் விழுந்தால் போதும். கிட்டத்தட்ட 28 டிகிரி வித்தியாசம் நேருக்கு நேர் மோதும். மார்கழி விடியற்காலையில் வெந்நீர் அண்டாவின் மூடியைத் திறந்தால் குபுகுபுவென ஆவி வருமே, அதேதான். உறைபனிக்குப் பக்கத்தில் இருக்கும் தண்ணீர், அந்தக் காற்றைப் பொறுத்தவரை வெந்நீர்!

பெரிய அளவில் நடந்தால் காட்சியே வேறு. பனிப் பரப்பின் மேல் உறைந்து கிடந்த காற்று தெற்கே நகர்ந்து திறந்த கடலுக்கு மேல் வந்ததும், கீழே இருந்து வெப்பமும் ஈரமும் ஏறுகிறது. காற்று உருளை உருளையாகச் சுழல, அதன் மேல் மேகங்கள் கோடு கோடாக நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு நீளும். செயற்கைக்கோள் படத்தில் பார்த்தால் சீப்பால் வாரிவிட்ட முடி மாதிரி இருக்கும். 'மேகத் தெருக்கள்' என்றே இதற்குப் பெயர். சில நேரம் இந்தத் தெருக்களின் முனையில் குட்டிப் புயல்கள்கூட உருவாகும்.

ஸ்வால்பார்டின் மேற்குக் கரையில் அட்லாண்டிக்கில் இருந்து வெதுவெதுப்பான நீரோட்டம் ஒன்று ஏறி வருகிறது. முன்பு குளிர்காலத்தில் உறைந்து போன கோங்ஸ்ஃபியோர்டன், 2006-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இருந்து பெரும்பாலான குளிர்காலங்களில் திறந்தே கிடக்கிறது. அந்தத் தண்ணீர் எவ்வளவு சூடு என்று அளப்பதுதான் இண்ட்ஆர்க்கின் வேலை. மேலே ஹிமாத்ரி பக்கத்தில் மேகத்தையும் மழைப்பனியையும் அளக்கும் கருவிகள். கீழ்க்கணக்கும் மேல்கணக்கும் சேர்ந்தால்தான் கதை முழுசாகும்.

அப்போ பனி உருகினால் மேகம் கூடுமா? இங்கேதான் ட்விஸ்ட்

'பனி குறைஞ்சா கடல் திறக்கும், கடல் திறந்தா மேகம் கூடும்' என்று சொல்லிவிடலாம் போலத் தோன்றும். செயற்கைக்கோள் பதிவுகளை வைத்துப் பார்த்த ஆய்வாளர்களுக்கு அவ்வளவு சுலபமான பதில் கிடைக்கவில்லை. இலையுதிர் காலத்தில், அதாவது செப்டம்பர், அக்டோபரில், பனி விலகிய கடலுக்கு மேல் தாழ்வான மேகங்கள் தெளிவாகவே அதிகம். கோடையில் அப்படி ஒரு தொடர்பே தெரியவில்லை!

காரணம் எளிது. கோடையில் ஆர்க்டிக் காற்றும் பூஜ்யம் டிகிரிக்குப் பக்கத்தில். கடலும் கிட்டத்தட்ட அதே. வித்தியாசம் இல்லாவிட்டால் உந்துதல் இல்லை. தண்ணீர் அங்கேயே இருந்தும் காற்று அதை எடுத்துக்கொண்டு மேலே ஏறுவதில்லை. இலையுதிர் காலத்தில் காற்று சட்டெனக் குளிர்கிறது. கடல் மட்டும் கோடை வெப்பத்தை விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. அப்போதுதான் மூடி திறந்த அண்டா வேலை செய்ய ஆரம்பிக்கிறது.

கடல் இருந்தால் மட்டும் போதாது, கடலுக்கும் காற்றுக்கும் இடையே வெப்ப வித்தியாசம் வேண்டும். இந்த ஒரு வரியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தாம்பரத்துக்கு வரும்போது தேவைப்படும்.

அடுத்த கேள்வி, மேகம் வந்தால் துருவம் குளிருமா, சூடாகுமா? சென்னைக்காரர்களுக்கு மேகம் என்றால் நிம்மதி, வெயில் தணியும். துருவத்தில் பல மாதங்களுக்கு சூரியனே கிடையாது. தடுக்க வெயில் இல்லாதபோது மேகம் செய்யும் ஒரே வேலை, தரையில் இருந்து வெளியேறும் வெப்பத்தைப் போர்வை மாதிரி தடுப்பது. மேகமூட்டமான இரவில் சென்னையில் புழுக்கம் கூடுமே, அதே கதைதான். 1997-98-ல் ஆர்க்டிக் பனியில் ஒரு கப்பலை உறையவிட்டு ஒரு வருடம் அளந்து பார்த்தார்கள். தெளிவான குளிர்கால வானத்துக்கும் மேகமூட்டமான வானத்துக்கும் பனிப் பரப்பு இழக்கும் வெப்பத்தில் சதுர மீட்டருக்கு சுமார் 40 வாட் வித்தியாசம். ஒவ்வொரு சதுர மீட்டர் பனிக்கும் மேலே ஒரு பழைய 40 வாட் குண்டு பல்பை எரியவிட்ட மாதிரி. 2019 அக்டோபரில் ஜெர்மனியின் போலார்ஸ்டெர்ன் கப்பல் இதே பாணியில் பனியில் உறைந்து, 2020 செப்டம்பர் வரை மிதந்து, இந்தக் கணக்கை இன்னும் நுணுக்கமாக எடுத்து வந்தது.

2012 ஜூலையில் கிரீன்லாந்தில் நடந்தது இதற்குப் பெரிய உதாரணம். சில நாட்களில் பனிப்பரப்பின் சுமார் 97 சதவீதத்தில் உருகல் தெரிந்தது. வெப்பக் காற்று மட்டும் காரணம் இல்லை. மெல்லிய, தாழ்வான, நீர்த்துளி மேகங்களும் கை கொடுத்தன என்று பிறகு கண்டுபிடித்தார்கள். வெயிலை உள்ளே விடும் அளவுக்கு மெல்லிசு, வெப்பத்தை வெளியே விடாத அளவுக்கு கெட்டி. இரண்டு பக்கமும் அடி.

மண்ணும் மேகத்தை மாற்றும்

துருவ மேகங்களில் ஒரு விசித்திரம் உண்டு. மைனஸ் 20 டிகிரியிலும் அவற்றில் தண்ணீர் தண்ணீராகவே இருக்கும். உறைய ஒரு விதை வேண்டும். சரியான துகள் கிடைக்காவிட்டால் மேகத்துளி சுமார் மைனஸ் 38 டிகிரி வரைகூட உறையாமல் தாக்குப்பிடிக்கும். விதை கிடைத்துவிட்டால் கதை தலைகீழ். பனித்துகள் உருவாகி, பக்கத்தில் இருக்கும் நீராவியை எல்லாம் இழுத்துக்கொண்டு பெருத்து, பனிப்பொழிவாக விழுந்துவிடும். மேகம் காலி.

அந்த விதை எங்கிருந்து வருகிறது? ஒரு பங்கு கடலில் இருந்து. கடல் மேற்பரப்பில் வாழும் நுண்ணுயிர்கள் விட்டுச்செல்லும் கரிமப் பொருட்கள் அலை தெறிக்கும்போது காற்றில் ஏறுகின்றன. இன்னொரு பங்கு நிலத்தில் இருந்து. பனியாறு பின்வாங்கும்போது வெளியே தெரியும் பொடி மண், கோடையில் காய்ந்து காற்றில் பறக்கிறது. ஸ்வால்பார்டில் எடுத்த அப்படிப்பட்ட மண்ணை ஜப்பான் ஆய்வாளர்கள் சோதித்து 2019-ல் வெளியிட்ட முடிவு, அது மேகத்துளியை உறையவைப்பதில் எதிர்பார்த்ததைவிட கெட்டிக்காரத்தனமான தூசி என்பதுதான். பனி உருகுவதால் நிலம் வெளியே தெரிகிறது, நிலம் தூசி அனுப்புகிறது, தூசி மேகத்தை மாற்றுகிறது, மேகம் மறுபடி பனியின் தலையெழுத்தை மாற்றுகிறது.

தென்துருவம் இருக்கும் பனிக் கண்டத்தைச் சுற்றி நிலமே அதிகம் இல்லை, சுற்றிலும் கடல். அதனால் விதைத் துகள் பஞ்சம். அங்கே மேகங்கள் உறையாமல் நீராகவே அதிகம் இருந்து வெயிலைத் திருப்பி அனுப்புகின்றன. பல கணினி மாதிரிகள் இதைச் சரியாகக் கணிக்காமல், அந்தக் கடலுக்கு நிஜத்தைவிட அதிக வெயிலைக் கொடுத்துவந்தன.

சரி, தாம்பரத்துக்கு வருவோம்

தாம்பரம் கடற்கரையில் இருந்து நேராக சுமார் 14 கி.மீ. உள்ளே. இங்கே பனி கிடையாது. ஆனால் சூடான பரப்பும் குளிர்ந்த பரப்பும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. அதுவும் ஒரே நாளில் இடம் மாறிக்கொள்கின்றன.

மே மாதப் பகலில் மீனம்பாக்கம் 40 டிகிரியைத் தாண்டும்போது, கடல் நீர் 29, 30 டிகிரியில் நிற்கும். நிலம் சூடு, கடல் குளிர்ச்சி. நிலத்தின் மேல் காற்று மேலே ஏற, கடற்காற்று உள்ளே நுழைகிறது. அடையாறு, திருவான்மியூரில் மதியத்துக்குள் வீசும் காற்று, தாம்பரம், வண்டலூரை எட்ட இன்னும் நேரம் ஆகும். மேற்குக் காற்று பலமாக இருந்தால் அது வந்து சேருவதே தாமதமாகும். அன்றுதான் புறநகரில் வெயில் கொளுத்தும். ஜூன் முதல் செப்டம்பர் வரை, உள்மாவட்டங்களில் உருவாகி கிழக்கே நகரும் மாலை இடிமேகங்கள், இந்தக் கடற்காற்றின் முனையைச் சந்திக்கும் இடத்தில் மறுபடி வலுவாகிக் கொட்டும். தாம்பரத்தில் குடை பிடித்து ரயில் ஏறியவர் பீச் ஸ்டேஷனில் காய்ந்த பிளாட்ஃபார்மில் இறங்குவது இதனால்தான்.

அக்டோபர் பிற்பாதியில் எல்லாம் தலைகீழ். நவம்பர் இரவில் நிலம் 22, 23 டிகிரிக்கு இறங்கும். கடல் 28 டிகிரிக்குப் பக்கத்தில். இப்போது கடல்தான் சூடான பரப்பு! ஆர்க்டிக் இலையுதிர் காலத்தில் பார்த்த அதே அண்டா. கடலின் மேல் மேகங்கள் திரள்கின்றன. நிலத்தில் இருந்து மெல்ல வீசும் குளிர்ந்த காற்று, வங்கக்கடலில் இருந்து வரும் வடகிழக்குக் காற்றைக் கரையோரத்தில் சந்திக்கிறது. கூடவே, வழுக்கிக்கொண்டு வந்த கடற்காற்று, கட்டடமும் மரமும் குன்றும் உள்ள நிலத்தில் ஏறியதும் வேகம் குறைகிறது. பின்னால் வரும் காற்று முட்டிக்கொண்டு நிற்க, போக வழி மேலேதான். அதனால்தான் பருவமழைக் காலத்தில் சென்னைக் கரையோரத்தில் நள்ளிரவுக்கு மேல், விடியற்காலை வரை மழை அதிகம் கொட்டுகிறது. பகலில் பார்த்தால் வெயில். 'லீவு விட்டாங்க, மழையே இல்ல' என்ற புலம்பலுக்குப் பாதி காரணம் இந்த நேரக் கணக்கு.

2015 டிசம்பர் 1 அன்று மேகம் ஏன் நகரவே இல்லை?

அன்று வங்கக்கடலில் புயல் எதுவும் இல்லை. காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி மட்டுமே. வழக்கமாக இப்படிப்பட்ட மேகக்கூட்டம் கரையைத் தொட்டு, உள்ளே போய்க் கலைந்துவிடும். அன்று மணிக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றது.

பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர் ஒருவர் 2018-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு நல்ல விளக்கம் தருகிறது. கிழக்கில் இருந்து வந்த ஈரக் காற்றை, மேற்கே இருக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலை தடுத்து மெதுவாக்கியது. அதைவிட முக்கியமானது, பெய்த மழையே செய்த வேலை. மழை விழும்போது காற்று குளிர்கிறது. கனத்த அந்தக் குளிர்காற்று தரையில் குளம் மாதிரி தேங்குகிறது. பின்னால் கடலில் இருந்து வந்த ஈரக் காற்று இந்தக் குளிர்ச் சுவரில் ஏறி, திரும்பத் திரும்ப அதே இடத்தில் மேகமாக மாறியது. மேகம் நகராமல் நின்றதன் ரகசியம் இதுதான். தரை குளிர்ந்தது, அந்தக் குளிர்ச்சியே அடுத்த மேகத்துக்குப் படிக்கட்டு ஆனது.

'எல்லாம் புவி வெப்பமயமாதல்' என்று ஒரே வரியில் முடித்துவிடவும் முடியாது. அந்த நாளின் மழையை ஆராய்ந்து 2016-ல் வெளியான சர்வதேச ஆய்வு ஒன்று, மனிதர்களால் ஏற்பட்ட வெப்பமயமாதலின் தடத்தை அந்த மழையில் தெளிவாகக் காண முடியவில்லை என்றது. சென்னைக்கு எதிரே உள்ள வங்கக்கடலின் மேற்பரப்பு முந்தைய சில பத்தாண்டுகளில் பெரிதாகச் சூடாகவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. மறுபடியும், கடல் மேற்பரப்பு!

ஏரி, சதுப்பு நிலம் போனதால்தான் மழையா?

வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றும் இன்னொரு வாதம் இது. பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 1960-களில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்தது என்று சொல்லப்படுகிறது. பெரும்பகுதி குப்பைமேடாகவும் கட்டடமாகவும் ஆகிவிட்டது. மிச்சத்தோடு சேர்த்து சுமார் 1,247 ஹெக்டேருக்கு 2022-ல் ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது.

தண்ணீர் நின்ற இடம் கான்கிரீட் ஆனால், அந்தப் பகுதி சூடாகும். இரவிலும் வெப்பம் இறங்காது. கோடை மாலை இடிமழையில் அதற்கு ஒரு பங்கு இருக்கலாம். ஆனால் 49 செ.மீ. மழைக்கு வேண்டிய ஈரம் பள்ளிக்கரணையில் இருந்து வருவதில்லை; நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வங்கக்கடலில் இருந்து வருகிறது. சதுப்பு நிலம் இருந்திருந்தாலும் அந்த மேகம் வந்திருக்கும். வித்தியாசம், விழுந்த தண்ணீர் எங்கே போகும் என்பதில். தென்சென்னைப் பகுதியின் பல ஏரிகளின் உபரிநீர் இந்தச் சதுப்பில் தங்கி, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போய், கோவளம் பக்கம் கடலில் சேர வேண்டும். தங்கும் இடம் சுருங்கினால் தண்ணீர் தேடி வருவது வேளச்சேரி, பெரும்பாக்கம் வீடுகளைத்தான்.

தாம்பரத்தின் மேற்குப் பக்கம் கதை வேறு. 2015-ல் செம்பரம்பாக்கத்தில் இருந்து விநாடிக்கு சுமார் 29,000 கன அடி வரை திறந்துவிட்டது பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். ஆனால் அந்த உபரிநீர் அடையாற்றில் சேருவது திருநீர்மலைப் பக்கம். முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேல்பக்கம் இருக்கின்றன. அங்கே வீடுகளுக்குள் புகுந்தது பெரும்பாலும் ஆதனூர், மணிமங்கலம், தாம்பரம் சுற்றுவட்டாரத்திலேயே பெய்த மழையின் தண்ணீர். அந்த மேகம் பத்து கிலோமீட்டர் வடக்கே நின்றிருந்தால் முடிச்சூரின் கதையே வேறு மாதிரி இருந்திருக்கும். மேகம் எங்கே நிற்கும் என்ற கேள்வி இங்கே வெறும் அறிவியல் கேள்வி இல்லை. முதல் மாடிக்கு எதைத் தூக்கிவைப்பது என்ற கேள்வி.

ஆர்க்டிக் பனி உருகினால் சென்னையில் மழை கூடுமா?

1979-க்குப் பிறகு ஆர்க்டிக், உலக சராசரியைப் போல கிட்டத்தட்ட நான்கு மடங்கு வேகத்தில் சூடாகி இருக்கிறது. 1979 செப்டம்பரில் சுமார் 70 லட்சம் சதுர கி.மீ. இருந்த கடல்பனி, 2012 செப்டம்பரில் சுமார் 34 லட்சமாகச் சுருங்கியது. பனி வெயிலில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பும். திறந்த கடல் பத்து சதவீதம்கூட அனுப்பாது. மீதியை விழுங்கிக்கொள்ளும். அந்த வெப்பம்தான் இலையுதிர் காலத்தில் மேகமாகத் திரும்பி வருகிறது.

இந்தியாவோடு இதற்கு நேரடித் தொடர்பு உண்டா? 2021-ல் கோவா துருவ ஆய்வு மையத்தினர் பங்கேற்ற ஓர் ஆய்வு, ரஷ்யாவுக்கு வடக்கே உள்ள காரா கடலில் கோடைப் பனி குறைவதற்கும், மத்திய இந்தியாவில் செப்டம்பரில் பெய்யும் மிக அதிக மழைக்கும் ஒரு தொடர்பு இருக்கக்கூடும் என்றது. கவனிக்க வேண்டியது, அது மத்திய இந்தியா, தென்மேற்குப் பருவமழை. சென்னையின் நவம்பர் மழையை ஆர்க்டிக்கோடு முடிச்சுப்போடும் போஸ்ட் வந்தால், கொஞ்சம் சந்தேகத்தோடே படிக்கலாம்.

கணிப்பு எப்போது துல்லியமாகும்?

2024 அக்டோபர் 16-ல் நடந்தது புரிய, ஒரு வரைபடம் போதும். தாழ்வு மண்டலத்தைச் சுற்றி காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுழலும். அதன் மையம் சென்னைக்குத் தெற்கே இருந்தால், சென்னைக்கு வரும் காற்று கடலில் இருந்து வரும். மையம் வடக்கே போய்விட்டால், வருவது நிலத்தின் மேல் தவழ்ந்து வந்த வறண்ட காற்று. மையம் ஐம்பது, நூறு கிலோமீட்டர் மாறினால் காற்று கடந்துவரும் பரப்பே மாறிவிடுகிறது. ரெட் அலர்ட்டுக்கும் வெயிலுக்கும் இடையே அவ்வளவுதான் தூரம். அன்று கொடுத்த எச்சரிக்கையை 'பொய்' என்று சொல்வது நியாயமில்லை. அதே நேரம், மாவட்டம் முழுமைக்கும் ஒரே நிறத்தைப் பூசுவதைவிட, முடிச்சூருக்கு என்ன, பெருங்குடிக்கு என்ன என்று சொல்லும் கணிப்பை மக்கள் கேட்பதும் நியாயம்தான்.

அதற்கான கருவிகள் கொஞ்சம் கொஞ்சமாக வருகின்றன. சென்னைத் துறைமுகத்தில் உள்ள பழைய டாப்ளர் ரேடாரோடு, 2022 ஜனவரியில் இன்னொரு எக்ஸ்-பேண்ட் ரேடாரும் சேர்ந்தது. அது இருக்கும் இடம்? பள்ளிக்கரணை என்.ஐ.ஓ.டி. வளாகம்! துறைமுக ரேடாரைப் போல தொலைதூரம் பார்க்காது. பக்கத்தில் இருப்பதை நுணுக்கமாகப் பார்க்கும். 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை 2,000 கோடி ரூபாயில் ஒப்புதல் கொடுத்த 'மிஷன் மௌசம்' திட்டத்திலும் கூடுதல் ரேடார்கள், சிறந்த கணினி மாதிரிகள் இடம்பெற்றிருக்கின்றன.

ரேடார் படங்கள் வானிலை ஆய்வு மையத்தின் இணையதளத்தில் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கும். அடுத்த பருவமழையில் படுக்கப் போகும் முன் அதைப் பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது, நிலத்தின் மேல் என்ன நிறம் இருக்கிறது என்பதை மட்டும் இல்லை. கிழக்கே கடலின் மேல் திட்டுத் திட்டாக மேகங்கள் முளைக்கின்றனவா, அடுத்தடுத்த படங்களில் அவை கரையை நோக்கி நகர்கின்றனவா, அல்லது ஒரே இடத்தில் நிற்கின்றனவா என்பதைப் பார்க்க வேண்டும். இரவு 10 மணிக்கு தாம்பரத்தில் நட்சத்திரம் தெரிந்தாலும், அந்தத் திட்டுகள் வரிசை கட்டி வந்தால் விடியற்காலை 3 மணிக்கு எழுந்து மோட்டார் ஸ்விட்சைத் தேட வேண்டிவரலாம்.